வைப்பர் பாதியில நிண்டா உடன மோட்டரை மாத்தாதீங்கோ

கேள்வி: என்னட்ட 1972 எம்.ஜி.பி ரோட்ஸ்டர் ஒண்டு இருக்குது, அப்பா ஓடினது. மழை பிடிச்சா காலி வீதியில கொஞ்சத் தூரம் போறதுக்குள்ளயே வைப்பர் ஊர்ந்து ஊர்ந்து கண்ணாடிக்கு நடுவில நிண்டிடுது, ஓஃப் பண்ணினாலும் கீழ வந்து படுக்குதில்லை. கராஜ்ல மோட்டர் முடிஞ்சுது, பழைய கார்ச் சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில ஒண்டு தேடுங்கோ எண்டு சொல்றாங்க. மோட்டர் தானா? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: பஞ்சிகாவத்தைக்கு இப்ப போகவேண்டாம். உங்கட காரில இருக்கிறது லூகாஸ் 14டபிள்யூ, ரெண்டு ஸ்பீட் மோட்டர். காருக்கு மின்சாமான் செய்த லூகாஸ் கொம்பனியை 'இருட்டு இளவரசன்' எண்டு இங்கிலாந்துக்காரரே பகிடி பண்ணுவினம்தான், ஆனா இந்த மோட்டர் லேசில சாகாது, கூடுதலா கோளாறு இருக்கிறது அதுக்கு வெளியில.

மோட்டர்ல இருந்து றேக் எண்டு ஒரு கேபிள், உடம்பெல்லாம் கம்பி சுத்தின மாதிரி பல்லோட, இரும்புக் குழாய்க்குள்ளால முன்னுக்கும் பின்னுக்கும் போய்வரும், அதுதான் ரெண்டு வைப்பர் கைக்கும் அடியில இருக்கிற வீல்பொக்ஸ் எண்ட பல்லுச்சக்கரப் பெட்டியளைத் திருப்புறது. அம்பது வருசத்துக்கு முதல் பூசின கிறீஸ் அதுக்குள்ள கித்துள் பாணி காய்ஞ்ச மாதிரி இறுகியிருக்கும், மோட்டர் பாவம் அதை இழுத்து இழுத்தே களைச்சுப் போகுது.

முதல்ல வைப்பர் கை ரெண்டையும் கழட்டுங்கோ. பிறகு மோட்டர்ட கியர் மூடியைத் திறந்து றேக்கை விடுவிச்சிட்டு மோட்டரை மட்டும் தனிய ஓடவிடுங்கோ, ஸ்லோவில நிமிசத்துக்கு 46இல இருந்து 52 சுத்து, கரண்ட் 1.5 அம்பியர் அளவில எண்டா மோட்டரில பிழையே இல்லை. அடுத்தது மீன்காரர் வச்சிருக்கிற தொங்கு தராசு ஒண்டை றேக் நுனியில கொளுவி இழுத்துப் பாருங்கோ, 2.7 கிலோவுக்கு மேல காட்டப்படாது, காட்டினா குழாய் எங்கயாவது நசுங்கியிருக்கா எண்டும் தடவிப் பாருங்கோ. றேக்கை முழுசா உருவி மண்ணெண்ணெயில கழுவி, குழாய்க்குள்ளால நூலில துணி கட்டி இழுத்து, புது லித்தியம் கிறீஸ் பூசிப் போடுங்கோ. அந்த நேரத்தில வீல்பொக்ஸ் பல்லையும் பாருங்கோ. கை அரைவட்டம் கூட ஆடாததால சக்கரத்தில ஒரு பக்கப் பல்லு மட்டும்தான் தேயும், மற்றப் பக்கம் புதுசு மாதிரியே இருக்கும், அதால சக்கரத்தை அரைச்சுத்துத் திருப்பிப் போட்டா சாமான் வாங்குற காசு மிச்சம். இன்னொண்டு, நிண்ட வைப்பரைக் கையால தள்ளுற பழக்கம் இருந்தா விடுங்கோ, கியர் பின்பக்கமா சுத்தாது, பல்லுத்தான் போகும்.

இறுக்கம் ஒண்டும் இல்லையெண்டா கரண்ட் பக்கம். வைப்பர் ஓடேக்க மோட்டர் பிளக்கில மீட்டரை வச்சு, பற்றரியில காட்டுறதோட ஒப்பிடுங்கோ, ஒரு வோல்ட்டுக்கு மேல குறைஞ்சா நடுவில எங்கயோ விழுங்குது. கடல் காத்துக்கு பியூஸ் பெட்டிக் கிளிப் பச்சையாப் பூத்திருக்கும், அதைச் சுரண்டுங்கோ. சிக்னல் லைட்டும் வைப்பருக்குப் போற அதே பச்சை நிற வயர்லைன்லதான், அதால வைப்பரைப் போட்ட உடன சிக்னலும் சோம்பினா சந்தேகமே வேண்டாம். கறுப்பு எர்த் வயரையும் மறக்காதீங்கோ, நுனியைக் கழட்டித் தேய்ச்சுப் போடுங்கோ.

கீழ வந்து படுக்காதது தனிக் கதை. கியர் பெட்டியில ஒட்டியிருக்கிற பார்க் சுவிட்ச்தான் ஓஃப் பண்ணின பிறகும் கை கீழ வரும்வரைக்கும் கரண்ட் குடுக்கிறது, அதின்ட தொடுமுனை கருகியிருக்கும் இல்லாட்டி அதுக்குப் போற வயர் கழண்டிருக்கும். சுவிட்ச் மட்டும் தனியா மாத்தலாம்.

கேள்வி: ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காருக்குப் புது பிளேட் போட்டும் வைப்பர் தடதடக்குது. ஏன்? (தெஹிவளை வாசகர்)

பதில்: பொலிஷ் போடேக்க மெழுகு கண்ணாடியிலயும் பட்டிருக்கும், ஸ்பிரிட்டால துடையுங்கோ. பிறகும் தடதடத்தா கை முறுகியிருக்கு, பிளேட் கண்ணாடிக்கு நேர் செங்குத்தா நிக்கிற மாதிரி ரெண்டு குறட்டால மெல்ல மெல்ல முறுக்குங்கோ. பாத்து, பழைய கண்ணாடி.