வேப்பெண்ணெய் தெளித்தும் அசுவினி திரும்புவது ஏன்?

கேள்வி: ரோஜா மொட்டுகளில் பச்சை நிறப் பொடிப் பூச்சிகள் அப்பியிருக்கின்றன. இருமுறை வேப்பெண்ணெய் தெளித்தும் ஒரே வாரத்தில் திரும்பிவிட்டன. எறும்புகளும் மொய்க்கின்றன. எறும்புப் பொடி தூவலாமா? செடிக்கு மாதம் இருமுறை யூரியா வைக்கிறேன்.

பதில்: வந்திருப்பது அசுவினி. எறும்புப் பொடி வேண்டாம். யூரியாவை முதலில் நிறுத்துங்கள்.

அசுவினி உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி, தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அந்தக் கொஞ்சம் தழைச்சத்துக்காக அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, மிஞ்சிய சர்க்கரையைத் துளித்துளியாகக் கழிக்கிறது. இலையில் விரல் ஒட்டுவது அதனால்தான். எறும்புகள் வருவதும் அந்த இனிப்புக்குத்தான். அதற்காக, அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளை அண்டவிடாமல் விரட்டவும் செய்யும். யூரியா வைத்தால் தளிர் கொழுக்கும், சாற்றிலும் தழைச்சத்து கூடும். அசுவினிக்கு விருந்துதான்.

வேப்பெண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். பெண் அசுவினி ஆண் துணையின்றியே குஞ்சு ஈனும். பிறக்கும் குஞ்சின் வயிற்றிலேயே அடுத்த தலைமுறை கருக்கொண்டிருக்கும். வெப்ப நாட்களில் ஒரு வாரம், பத்து நாளில் அதுவும் தாயாகிவிடும். இலையின் அடிப்பக்கத்தில் பத்துப் பூச்சிகள் தப்பினாலே போதும். பெரும்பாலோர் மேல்பக்கம் பளபளக்கத் தெளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

தெளிக்குமுன் ஒரு பூதக்கண்ணாடியுடன் மொட்டின் காம்பைப் பாருங்கள். பச்சைக் கூட்டத்துக்கு நடுவே சில மட்டும் வைக்கோல் நிறத்தில், உப்பி, அசையாமல் ஒட்டியிருக்கின்றனவா? அவற்றுக்குள் ஒட்டுண்ணிக் குளவியின் புழு வளர்கிறது. முதுகில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். இவை நிறையத் தென்பட்டால் தெளிப்பானைக் கீழே வைத்துவிடலாம். குட்டி முதலை போன்ற உடலில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு ஊரும் கறுப்புப் புழுவையும் நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு. (நானே ஆரம்பத்தில் பலவற்றைக் கொன்றிருக்கிறேன்.) வெள்ளைத் தவிடுபோல் இருப்பவை அசுவினி உரித்த சட்டைகள்.

குளவிப் புழு வளரும் அசுவினியோ பொறிவண்டின் குஞ்சோ தென்படவில்லையென்றால் முதலில் தண்ணீர்தான். தண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலாக வேகமாகப் பீய்ச்சுங்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை மீண்டும் ஏறுவதில்லை. இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை செய்யுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். எண்ணெயைச் சில துளி திரவ சோப்பில் குழைத்தபின் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே எண்ணெய் மிதந்தால் இலை கருகும். துணி துவைக்கும் பவுடர் ஆகாது. ஒரு கிளையில் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று முறை.

தொட்டிச் செடியானால், தண்ணீர் நிறைந்த தட்டின் நடுவே செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றுங்கள். கிளை சுவரைத் தொட்டால் எறும்பு அந்த வழியாக வந்துவிடும். சுருண்டுபோன நுனிகளைத் தயங்காமல் வெட்டி எறியுங்கள். அந்தச் சுருளுக்குள் எந்தத் தெளிப்பும் எட்டாது.