கடித்தது வளர்ப்பு நாய் என்பதால் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியின் மூன்றாவது ஊசியை விடலாமா?

விடக் கூடாது, முதல் ஊசியிலிருந்து 7ஆம் நாள் ஊசியையும் 28ஆம் நாள் ஊசியையும் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் உங்கள் கெண்டைக்காலைக் கடித்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருப்பதாக அதன் உரிமையாளர் சொன்ன சொல், உங்கள் சிகிச்சைக்கு ஈடாகாது.

அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். குட்டியாக இருந்தபோது போட்டதை நினைத்துச் சொல்லியிருப்பார். ஆண்டுதோறும் போட வேண்டியது விட்டுப்போயிருக்கலாம். சான்றிதழைக் கேட்டு வாங்கித் தேதியைப் பாருங்கள். கடித்த நாளிலிருந்து 10 நாள் நாயைக் கட்டிவைத்துக் கவனிக்கச் சொல்லுங்கள். அது நோயுற்றாலோ, இறந்தாலோ, காணாமற்போனாலோ உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. இரத்தம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அத்தகைய காயத்திற்குத் தடுப்பூசியோடு, காயத்திலும் அதைச் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்னும் ஆயத்த எதிர்ப்புப்பொருளைச் செலுத்த வேண்டும். முதல் ஊசிக்குப் பின் 7 நாள் கடந்துவிட்டால் அதைக் கொடுப்பதில்லை. உங்களுக்கு இன்று 5ஆம் நாள் என்பதால், சீட்டில் அது குறிக்கப்படவில்லையெனில் இன்றே அரசு தலைமை மருத்துவமனைக்குச் சென்று கேளுங்கள்.

ஊசியைத் தோலில் அன்றித் தசையில் போட்டிருந்தால் 14ஆம் நாளும் ஒன்று உண்டு.

கூட்டமுள்ள கடற்கரையில் நாயைக் கயிறின்றி விட்டது உரிமையாளரின் தவறுதான், நாயின் குற்றமன்று. அவர் ஒத்துழைக்க மறுத்தால், இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் புகார் அளிக்கலாம்.