கோதுமை என்று கூப்பிடும் பிள்ளைகள்

அன்பின் அக்காவுக்கு,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். என் மகள் தரம் நான்கில் படிக்கிறாள். பெயர் மாதுமை. கோணேசர் கோயில் அம்மனின் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று என் தாயார் பிடிவாதமாக நின்று வைத்தது. அவளுடைய பாடசாலையில் வேறு யாருக்கும் இந்தப் பெயர் இல்லை.

அடுத்த மாதம் ஆங்கில தினப் போட்டி. ஒவ்வொரு பிள்ளையும் நான்கு அடியில் ஓர் ஆங்கிலப் பாட்டு எழுதி வர வேண்டுமாம். முதல் அடி தன் பெயரில் முடிய வேண்டும், அடுத்த அடி அதோடு ஒலி ஒத்து முடிய வேண்டும். மேரிக்கு ஃபேரி கிடைத்துவிட்டது, ஜேனுக்கு ரெயின், கெவினுக்கு ஹெவன். என் மகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இணையத்தில் ஒலி ஒத்த சொல் தேடித் தரும் கருவிகளில் அவள் பெயரைத் தட்டினால் வெறும் பக்கம்தான் வருகிறது. 'இந்தப் பெயருக்கு ரைம் இல்லை, வேறு பெயரில் எழுது' என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம். வீட்டில் 'மாயா' என்று கூப்பிடத் தொடங்கலாமா என்கிறார் மனைவி. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டை மாற்றினால் சரிவருமா? வழக்கத்தில் இல்லாத பெயரை வைத்தது எங்கள் பிழையா? இதற்கிடையில் வகுப்புப் பிள்ளைகள் 'கோதுமை, கோதுமை' என்று கேலி செய்ய, அழுதுகொண்டு வருகிறாள். ஒலி ஒத்த ஆங்கிலச் சொற்கள் சிலவற்றையாவது சொல்லி உதவுங்கள்.

(பெயரைத் தவிர்க்கவும்)

அன்பின் தம்பி,

கேட்டதை முதலில் தந்துவிடுகிறேன், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்வோம். ஸ்கை, ஹை, வை, ட்ரை, குட்பை, ஜூலை, லலபை, டிராகன்ஃப்ளை, பட்டர்ஃப்ளை. போதுமா? ஆங்கிலத்தில் மலிந்து கிடக்கும் ஒலிகளில் இது ஒன்று. துணையே கிடைக்காத சொற்கள் என்று அவர்கள் கைவிரிப்பது 'மந்த்', 'சில்வர்', 'ஆரஞ்ச்' போன்றவற்றுக்கு. உங்கள் மகள் அந்த வரிசையில் நிற்கவில்லை.

கருவி வெறும் பக்கத்தைக் காட்டியதற்குக் காரணம் அதற்குப் பெயர் தெரியாதது. பெயரை அதற்கு யாரும் வாயால் சொல்லவில்லையே. ஏ, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைக் கடைசியில் பார்த்தால் 'ரெயின்' என்பதில் வருவதுபோல ஏகாரமாக வாசிப்பது அவர்கள் பழக்கம். ஆசிரியையும் 'மாத்துமே' என்றுதான் வாசித்திருப்பார். நம் ஊரே இதற்குச் சாட்சி. மலை என்று நாம் சொல்வதை அவர்கள் 'மலீ' ஆக்கி, சீயோடும் டீயோடும் ஒலிக்க விட்டுவிட்டார்கள். 1817இல் பம்பாயில் கட்டிய பிரித்தானியக் கடற்படைக் கப்பல் ஒன்று 'டிரிங்கோமலீ' என்ற அந்தப் பெயரோடு இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் நிற்கிறது. உங்கள் மகளை அந்தக் காலத்து எழுத்தர் எவரிடமாவது ஒப்படைத்திருந்தால் மாதுமீ ஆகித் திரும்பி வந்திருப்பாள். எழுத்துக்கூட்டை மாற்ற வேண்டாம். பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராக அலைவதை விட, 'என் பெயரின் கடைசி ஒலி ஆங்கில மை' என்று பிள்ளை ஒரு தடவை வாய்திறந்து சொன்னால் வேலை முடிந்தது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. அழுத்தம் விழும் அசையின் உயிரிலிருந்து சொல்லின் கடைசி வரை ஒத்திருந்தால்தான் ஆங்கிலத்தில் முழு ரைம். மாதுமையை அவர்கள் வாசித்தால் அழுத்தம் 'மா'வில் விழும், எனவே மூன்று அசையும் ஒக்க வேண்டும் என்று ஒரு கறாரான நடுவர் வாதிடலாம். விட்டுக்கொடுக்காதீர்கள். பட்டர்ஃப்ளைக்கும் அழுத்தம் முதல் அசையில்தான், ஆனால் அதை ஸ்கையோடு சேர்த்துப் பாடாத ஆங்கிலக் குழந்தை உண்டா? நடுவர் அப்போதும் மசியாவிட்டால் ஆங்கிலக் கவிஞர் பைரனைக் காட்டுங்கள். 'இன்டலெக்சுவல்' என்ற நீண்ட சொல்லுக்கு 'ஹென்பெக்ட் யூ ஆல்' என்று மூன்று சொல்லை ஒட்டவைத்த மனிதர் அவர். மாதுமை அவர் கையில் கிடைத்திருந்தால் 'ஃபாதர், மை' என்று அடியை முடித்து அடுத்த அடிக்குத் தாவியிருப்பார். ஃபாதரின் கடைசி ரகரத்தை ஆங்கிலேயர் விழுங்கிவிடுவார்கள் என்பதை நினைவில் வைத்துச் சொல்லிப் பாருங்கள். அந்த மொழியில் இதைவிட நெருங்கி வர முடியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இது வேண்டியதில்லை, நடுவருக்கு வேண்டியிருக்கலாம்.

வழக்கத்தில் இல்லாத பெயர் பிழையா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உங்கள் தாயார் பதில் சொல்லட்டும். மாயா என்று மாற்றினால் அதே பிள்ளைகள் நாளைக்குப் 'பப்பாயா' என்பார்கள், அதையும் மனைவியிடம் சொல்லுங்கள்.

இப்போது திட்டு. இத்தனை நீளக் கடிதத்தில் 'கோதுமை' என்ற சொல்லுக்கு நீங்கள் ஒதுக்கியது ஒரு வரி, அதுவும் முறைப்பாடாக. பிள்ளை அழுதுகொண்டு வந்தால் நெஞ்சு பதறும், தெரியும். அவளை மடியில் இருத்திக் கண்ணைத் துடைத்துவிடுங்கள், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் கண்ணைத் துடைத்த பிறகு நீங்களாவது காதைத் திறந்து கேட்டிருக்க வேண்டாமா? மாதுமை, கோதுமை. முதல் எழுத்து மட்டும் வேறு, மற்ற எல்லாம் ஒன்று. 'மா' நெடில், 'கோ'வும் நெடில். முதலெழுத்து அளவில் ஒத்து, முதற்சீரில் எஞ்சிய எழுத்தெல்லாம் அப்படியே ஒன்றி வந்தால் அதற்கு யாப்பு நூலார் வைத்த பெயர் தலையாகு எதுகை. இரண்டாம் எழுத்து மட்டும் ஒத்தால் இடையாகு எதுகை, அது எவருக்கும் வரும். தலையாகு எதுகை அப்படி லேசில் அகப்படாது, கை தேர்ந்த புலவர்களே தேடித்தான் வைப்பார்கள். ஆசிரியையும் நீங்களும் கருவிகளும் சேர்ந்து தேடி, இந்தப் பெயருக்கு ஒலித்துணை இல்லை என்று முடிவு கட்டிய அதே வாரத்தில், தரம் நான்கு வாண்டுகள் இடைவேளையில் நின்று அதைக் கண்டுபிடித்துக் கத்தியிருக்கிறார்கள். குடாவின் கரையில் மா ஆலையை வைத்துக்கொண்டு, காலையில் பாண் தின்றுவிட்டு வரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல் வாயில் வருவதில் வியப்பில்லை. அவர்களுடைய காது எங்கே பிடித்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் சூடாமணி நிகண்டு என்ற பழைய செய்யுள் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பதினோராம் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. சொற்கள் அங்கே ககர எதுகை, சகர எதுகை என்று இரண்டாம் எழுத்தை வைத்து அடுக்கப்பட்டிருக்கும். இங்கிலாந்தில் ஜான் வாக்கர் 1775இல் ஓர் அகராதி போட்டார், சொற்களை இறுதி எழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கி. ரைம் தேடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதுதான் மூதாதை. அவருக்கு வெகு முன்பே நம்மவர் அதே வேலையைச் சொல்லின் தலைப்பக்கத்திலிருந்து செய்து முடித்து, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யவும் வைத்துவிட்டார்கள். ஆறுமுக நாவலர் நிகண்டை அச்சேற்றினார். இன்றைக்கு நம் வீடுகளில் எத்தனை பேரிடம் ஒரு பிரதி இருக்கிறது? கருவியில் தட்டுகிறோம்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் என் பெரியப்பா. ஆலங்கேணியில் இருந்தார், பண்டிதர், முன்கோபி. அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் கிடையாது, அது 2009இல்தான் வந்தது. பாதை என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பாதை வந்து சேரும் வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும், சிணுங்கும் பிள்ளைகளின் வாயை அடைக்கப் பெரியப்பா ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஓர் ஊர்ப் பெயரைச் சொல்வார், நாங்கள் எதுகை சொல்ல வேண்டும். ஒரு நாள் 'கிண்ணியா' என்றார். நான் 'கன்னியா' என்றேன், வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் கன்னியா. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. 'றன்னகரமும் டண்ணகரமும் உனக்கு ஒன்றா?' பிறகு தானே சாந்தமாகி, 'அன்பீனும் ஆர்வம்' என்று தொடங்கும் குறளின் இரண்டாம் அடி 'நண்பென்னும்' என்று வருவதைச் சொல்லி, இது மெல்லின எதுகை, செல்லும், ஆனால் அரைப் புள்ளிதான் என்றார். பக்கத்தில் பீப்பாயோடு நின்ற கிண்ணியாக்காரர் ஒருவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'ஐயா, மண்ணெண்ணெய்?' என்றார். பெரியப்பா அவருக்குக் கைகொடுத்தார். முழுப் புள்ளி. எனக்கு அன்று வந்த பொறாமையை இப்போது நினைத்தாலும் சிரிப்பாக இருக்கிறது. யாப்பிலக்கணம் ஒரு வரி படிக்காத வியாபாரி அவர். உங்கள் மகளின் வகுப்புப் பிள்ளைகளும் படித்திருக்கப்போவதில்லை.

கடைசியில் ஒலிப்பது நமக்குத் தெரியாததல்ல. இயைபு என்று அதற்கும் பெயர் வைத்துத் தொடைகளில் ஒன்றாக உட்கார்த்தியிருக்கிறார்கள். உங்கள் வீட்டு வீதியில் நின்று பஸ் நடத்துநர் கத்துவதைக் கேளுங்கள், உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி. வடக்கு வீதி முழுவதும் இயைபுதான். என் கோபம் வேறு. பாட்டு என்றால் வால் ஒலிக்க வேண்டும், வால் மட்டும்தான் ஒலிக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதன்மேல். முன்பள்ளிகளில் இப்போது பாடும் தமிழ்ப் பாட்டுகளைக் கேட்டால் ஒவ்வோர் அடியும் கடைசியில் மட்டும் மணி அடிக்கிறது, தலையில் சத்தமே இல்லை. ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியவை. அந்த ஆங்கிலத்துக்காவது வால் பிறவியிலேயே வந்ததா? பேவுல்ஃப் என்ற அவர்களுடைய பழங்காப்பியத்தில் அடியின் கடையில் ரைம் கிடையாது, நம் மோனையைப்போல அழுத்தம் பெற்ற அசைகளின் முதல் ஒலிகள்தான் அடியை இழுத்துக் கட்டுகின்றன. நோர்மன்காரர் வந்து, பிரெஞ்சுப் பாட்டின் சாயல் படிந்து, அதன் பிறகுதான் வால் ஒலி ஆட்சிக்கு வந்தது. பிறகு மில்டன் எழுந்து தன் பெருங்காப்பியத்தை அது இல்லாமலே எழுதி, 1668இல் அதற்கு நியாயம் சொல்லி ஒரு முன்குறிப்பும் சேர்த்தார். ரைம் காட்டுமிராண்டிக் காலத்தின் கண்டுபிடிப்பு என்று அதில் ஏசியிருக்கிறார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். எனக்குப் பட்டர்ஃப்ளையும் பிடிக்கும்.

ஆனால் மாதுமை என்ற பெயருள்ள பிள்ளையிடம் உன் பெயருக்கு ஒலித்துணை இல்லை என்று சொல்வதா? அதுவும் திருகோணமலையில்! அவள் பெயர் எந்தக் கோயிலிலிருந்து வந்ததோ அந்தக் கோயிலின் பதிகத்தை எடுத்துப் பாருங்கள். சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் பாடியது. முதல் பாட்டின் நான்கு அடிகளும் எப்படித் தொடங்குகின்றன? நிரைகழல், வரைகெழு, கரைகெழு, குரைகடல். நிரை, வரை, கரை, குரை. வெள்ளிக்கிழமைகளில் உங்கள் தாயார் இதைப் பாடாமலா இருப்பார்? கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்று அந்தக் 'குரைகடல்' என்ற இடத்தைக் கேட்டிருக்கிறீர்களா, கீழே கடல் பாறையில் மோதும்போது? பேத்தியைப் பக்கத்தில் இருத்தி நான்கு அடியின் முதல் சொற்களை மட்டும் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. 'பெயருக்கு ரைம் இல்லை' என்று சொன்ன ஆசிரியைமேல் எனக்குக் கோபம் குறைவு, அவர் தன் பாடத்தைச் செய்கிறார். பாட்டி வீட்டில் இருக்கும்போது கருவியிடம் போன அப்பாமேல்தான் கோபம்.

போட்டிக்கு எழுதட்டும். ஸ்கையும் பட்டர்ஃப்ளையும் போட்டு அழகாக எழுதட்டும், பரிசு வாங்கினால் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் கேலிக்கு மருந்து அதில் இல்லை. ஆசிரியையிடம் முறையிட்டு அந்தப் பிள்ளைகளுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். நல்ல காது உள்ளவர்களை ஊமையாக்கிய பாவம் வரும். மகளுக்கு விளையாட்டைச் சொல்லிக் கொடுங்கள். முதல் எழுத்துக் குறிலா நெடிலா என்று பார்க்க வேண்டும், இரண்டாம் எழுத்தைப் பிடிக்க வேண்டும், திருப்பி எறிய வேண்டும். தன் பெயருக்கே காது, தூது, போது என்று அவள் எத்தனையோ பொறுக்கலாம். மேரிக்குப் பூரி. ஜேனுக்குத் தேன் கொடுத்துச் சிநேகிதியாக்கிக்கொள்ளலாம். கெவினுக்குத் தவிடு. கோதுமை என்று முதலில் கூப்பிட்டவன் கெவினாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
அக்கா