ஒட்டிய மருந்து போனதாகாது

கேள்வி: ஆறு, ஏரி நீரில் கலந்திருக்கும் ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பிளாஸ்டிக் நுண்துகள்கள் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்கின்றன என்று படித்தேன். தண்ணீரில் மருந்து குறைந்தால் நல்லதுதானே? இதைக் கல்லூரி ஆய்வுத் திட்டமாக எடுக்கலாமா?
– ஒரு வேதியியல் மாணவி

பதில்: உங்கள் கேள்வி என்னை ஆய்வகத்தில் கழித்த முதல் வருடத்துக்கு இழுத்துப் போய்விட்டது. சிப்ரோஃபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த நீரில் பிளாஸ்டிக் துகள்களைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மிச்ச மருந்தை அளப்பது என் வேலை. துகளே போடாத குடுவையிலும் மருந்து குறைந்துகொண்டே வந்தது. மூன்று நாள் தூக்கம் போயிற்று. நான்காம் நாள் வடிதாளைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தேன். நடுவில் வட்டமாக ஒரு வெளிர்நீல ஒளி! அந்த வெளிச்சத்தில் சிப்ரோஃபிளாக்சசின் நீலமாக ஒளிரும். வடிதாள் நைலான். மருந்தைப் பிடித்துவைத்திருந்தது அதுதான்.

நைலானில் உள்ள அமைடு தொகுதிகள் (நைட்ரஜன் அடங்கிய அணுக்கூட்டங்கள்) மருந்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய ஈர்ப்பு கொள்ளும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 5 வகை பிளாஸ்டிக்கையும் 5 மருந்துகளையும் சோதித்தபோதும், நைலான் குடும்பத்துப் பாலிஅமைடுதான் முந்தி நின்றது. அதே ஆய்வில் கடல்நீரில் சிப்ரோஃபிளாக்சசினும் அமாக்சிசிலினும் ஒட்டவே இல்லை. நீரில் உப்பு மிகும்போது அதன் அயனிகள் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. ஆகவே இந்த ஒட்டுதலை நாம் அதிகம் அஞ்ச வேண்டியது நன்னீரில்தான்.

புதுத் துகளைவிடப் பழையது மோசம். வெயிலில் கிடந்து வெளுத்து, நகத்தால் கீறினால் மாவாக உதிரும் பிளாஸ்டிக்கைப் பார்த்திருப்பீர்கள். அதன் பரப்பு முழுக்க வெடிப்புகள். ஆக்சிஜன் ஏறிய தொகுதிகள் வேறு. மருந்து தொற்றிக்கொள்ள இடம் பெருகிவிடுகிறது.

நல்லதுதானே என்கிறீர்கள். இல்லை. ஒட்டியது அழிவதில்லை, நீரின் கார அமிலத் தன்மை மாறினால், அல்லது துகளை ஒரு மீன் விழுங்கினால், திரும்பக் கழன்று வரலாம். மருந்தின் மொத்த அளவை மட்டும் பார்த்தால் வண்டலும் மக்கிய இலைதழையும் சுமப்பது பெரும்பாலும் இன்னும் அதிகம், உண்மைதான். என்னை உறுத்துவது வேறு. நீரில் விழுந்த துகளின் மேல் சில நாட்களிலேயே வழுவழுப்பான உயிரிப்படலம் படிந்துவிடும். அதில் பாக்டீரியாக்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. மருந்தை எதிர்க்கும் மரபணு சுமக்கும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. கொல்லப் போதாத சிறிதளவு மருந்தும் அங்கேயே இருந்தால், எதிர்ப்புள்ளவையே தழைக்கும். வண்டல் அடியில் தங்கிவிடும். பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட லேசானவை, இந்தக் கூட்டத்தைச் சுமந்துகொண்டு நெடுந்தூரம் மிதந்து போகும்.

ஆய்வுத் திட்டமாகத் தாராளமாக எடுங்கள். டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் இரண்டையுமே ஒளி சிதைக்கும். குடுவைகளை அலுமினியத் தாளால் சுற்றிவிடுங்கள். வடிகட்டக் கண்ணாடி இழைத் தாள் வாங்குங்கள், அதையும் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். துகள் போடாத குடுவை ஒன்று ஒவ்வொரு முறையும் உடன் குலுங்கட்டும். அந்தக் குடுவையில் மருந்து குறைந்தால், மற்ற எந்த எண்ணையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.