அம்புப் படியை எவ்வளவு ஆழம் வெட்டுவது?

யாழ்ப்பாணத்தில் பனஞ்சிலாகையால் நெடுவில் செய்யும் நீங்கள், 30 மில்லிமீற்றர் அகலக் கைப்பிடியில் அம்பு இருக்கும் படியை நடுக்கோடு வரை வெட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். 3 மில்லிமீற்றர் முன்பாகவே நிறுத்துங்கள் என்பதே என் கருத்து.

படி நடுக்கோட்டிலிருந்து விலக விலக, நாணை விட்டதும் அம்பு வில்லைச் சுற்றி வளைந்து போகவேண்டியிருப்பதால், எளிதில் வளையும் அம்புகளே நேராகப் பாயும். வெட்டாமல் விடும் 3 மில்லிமீற்றருடன், படியின் பக்கச் சுவரில் ஒட்டும் 1 மில்லிமீற்றர் தோலையும், 8 மில்லிமீற்றர் அம்பின் பாதித் தடிப்பையும் சேர்த்தால், அம்பின் நடு உண்மையில் நடுக்கோட்டிலிருந்து 8 மில்லிமீற்றர் விலகி நிற்கும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

உள்மூலையைக் கூராக விடாமல் வட்ட அரத்தால் வளைத்துவிடுங்கள். பனை நீளவாக்கில் பிளக்கும் மரம், வெடிப்பு அந்த மூலையில்தான் தொடங்கும்.

வாளால் 10 மில்லிமீற்றர் மட்டும் இறக்கி, மிச்சத்தை எய்து பார்த்துப் பார்த்து அராவுங்கள். வலக்கையாளரான உங்களுக்கு, இறகில்லா அம்பு இறகுள்ளதற்கு இடப்புறம் விழுந்தால் இன்னும் சற்று அராவலாம். வலப்புறம் விழுந்தால் நிறுத்திவிட்டுத் தோலைத் தடிப்பாக்குங்கள்.