ஜீவனாம்ச பாக்கி: மாதம் ஒன்று தள்ளினால் மாதம் ஒன்று போகும்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். கரூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7. பிள்ளைகளுக்கு ஆளுக்கு 3,500 என்று மாதம் 7,000 ரூபாய் ஜீவனாம்சம் தரச் சொல்லி கோர்ட் உத்தரவு இருக்கிறது. பிள்ளைகளின் அப்பா கொஞ்ச காலம் போட்டார். இப்போது 19 மாதமாக ஒரு பைசா வரவில்லை. ஓசூரில் ஏதோ டிரான்ஸ்போர்ட்டில் லாரி ஓட்டுகிறாராம். கேட்டால் வேலையே இல்லை என்கிறார். தன் பங்கு நிலத்தையும் தம்பி பெயருக்கு எழுதிவிட்டாராம். அவர் ஊர்ப் பெரியவர்கள், "மொத்தமா ரெண்டு லட்சம் வாங்கிக்க, இனிமே கேக்க மாட்டேன்னு எழுதிக் குடு" என்கிறார்கள். இவரோ, "ஒரு மாசம் ஜெயில்ல இருந்துட்டு வந்தா கணக்கு தீர்ந்துது" என்கிறார். நான் என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், கரூர்)

பதில்: முதலில் மனுவைப் போடுங்கள் அம்மா. பெரியவர்களோடு பேசுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்கக் கேட்கும் மனுவை, பணம் தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். இந்த ஓராண்டு ஒவ்வொரு மாதத் தொகைக்கும் தனித்தனியாக ஓடுகிறது. இன்று போட்டால் கடைசி 12 மாதத்துக்கான 84,000 ரூபாய் இந்த வழியில் கிடைக்கும். அடுத்த மாதம் போட்டாலும் அதே 12 மாதம்தான். முன்னால் ஒன்று சேரும்போது பின்னால் ஒன்று நழுவிவிடும். உத்தரவு கையில் வாங்கிக்கொண்டு போகும் பெண்ணிடம் இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே 7 மாதம், அதாவது 49,000 ரூபாய், பின்னால் போய்விட்டது. அது அழிந்துபோன பணம் அல்ல. பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: ஓராண்டு என்பது இந்த விரைவு வழிக்கான வரம்பு மட்டுமே, பணம் பெறும் உரிமைக்கு அல்ல. பழைய பாக்கியை சிவில் முறையில் வசூலிக்கலாம். ஒரு மனு நிலுவையில் இருக்கும்போது சேரும் பாக்கியையும் அதிலேயே கேட்கலாம். அதனால்தான் ஒரு மனுவை எப்போதும் கோர்ட்டில் உயிரோடு வைத்திருங்கள் என்று சொல்கிறேன்.

எந்தச் சட்டம் என்று வக்கீல் ஆளுக்கொன்று சொன்னால் குழம்ப வேண்டாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவுதான் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது. மனுவை உத்தரவு போட்ட கோர்ட்டிலேயே போடலாம். ஆள் ஓசூரில்தான் இருக்கிறார் என்று உறுதியானால், 147-ஆவது பிரிவின்படி அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமும் உத்தரவைக் கொண்டுபோய் நிறைவேற்றச் சொல்லலாம். உத்தரவின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இனி கையோடு கொண்டுபோக வேண்டியவை. ஒரு கோடு போட்ட தாளில் மாதம், வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். பக்கத்தில் பேங்க் பாஸ்புக் பதிவு. இனி பணம் வந்தால் வங்கிக் கணக்கில் மட்டும் வரட்டும். கையில் வாங்கினால், நடுவில் கொடுத்த 2,000 ரூபாயை 20,000 என்று கூண்டில் ஏறிச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாரண்ட் பிறந்தால் மட்டும் போதாது, அது ஆளிடம் போய்ச் சேர வேண்டும். "வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை" என்று எழுதித் திரும்பி வரும் வாரண்ட்தான் அதிகம். லாரி டிரைவரை வீட்டு விலாசத்தில் தேடி என்ன பயன்? டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் விலாசம், வண்டி நம்பர், சமீபத்திய போட்டோ, எந்தக் கிழமை லோடு இறக்கிவிட்டுத் திரும்புவார் என்பது, ஊர்த் திருவிழாவுக்கு வருவாரா என்பது எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். ஸ்டேஷனில் வாரண்ட் எந்தக் காவலர் கையில் இருக்கிறது என்று விசாரித்து, வாய்தாவுக்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று இதில் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஜெயில் மிரட்டலுக்கு வருவோம். வாரண்டுக்குப் பிறகும் பணம் வராவிட்டால் ஒரு மாதம் வரை சிறை. நடுவில் கட்டினால் வெளியே வரலாம். எத்தனை மாத பாக்கிக்கு எத்தனை நாள் என்பதில் கோர்ட்டுக்குக் கோர்ட் கணக்கு மாறும். ஆனால் உள்ளே இருந்ததால் பாக்கி கழிந்துவிடாது. 1989-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழிதானே தவிர பணத்துக்கு ஈடு இல்லை என்று சொல்லிவிட்டது. வெளியே வந்த பிறகும் அந்த 84,000 அப்படியேதான் நிற்கும். போலீஸ் வந்து நின்ற பிறகு மச்சான், மாமன் என்று யாரிடமாவது புரட்டிப் பாதியாவது கட்டுகிறவர்கள்தான் அதிகம். அப்போது மீதிக்கு ஒரு தேதியைக் கோர்ட் பதிவிலேயே வாங்கிவிடுங்கள்.

"வேலை இல்லை" என்பதும் செல்லாது. உடம்பில் தெம்புள்ள ஆண் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இலும் சொல்லியிருக்கிறது. நிஜமாகவே வருமானம் குறைந்திருந்தால் தொகையைக் குறைக்கச் சொல்லி அவர் மனுப் போட வேண்டும். அதுவரை 7,000 என்றால் 7,000தான்.

சிவில் முறையில் போகும்போது சம்பளத்தைப் பிடிக்கலாம். சாதாரணக் கடனுக்கு என்றால் கொஞ்சம்தான் பிடிக்க முடியும். ஜீவனாம்சத்துக்கு மூன்றில் ஒரு பங்கை மட்டும் அவருக்கு விட்டுவிட்டு மீதியைப் பிடிக்க சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இடம் தருகிறது. படிக்காசில் ஓடும் டிரைவருக்கு இது எவ்வளவு உதவும் என்பது, முதலாளி சம்பள ரசீது போடுகிறாரா என்பதைப் பொறுத்தது. நிலத்துக்கு ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். உத்தரவுக்குப் பிறகு தம்பிக்குத் தான செட்டில்மெண்ட்டாக எழுதியிருந்தால் அதையும் எதிர்த்துக் கேட்க வழி உண்டு. தனி சிவில் வழக்கு, நாளாகும். அதை நம்பி முதல் மனுவைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த ரெண்டு லட்சம்! மகளுக்கு 18 வயதாக இன்னும் 7 ஆண்டு, மகனுக்கு 11. இன்றைய தொகையே நீடித்தாலும் 7,56,000 ரூபாய் வரவேண்டும். அதோடு பாக்கி 1,33,000. அவர்கள் தருவது இரண்டரை ஆண்டுக்குக்கூடக் காணாது. அப்புறம், பிள்ளைகளின் பங்கை அம்மா எழுதிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்துப் போட்டாலும் பிள்ளைகளின் உரிமை போகாது. ஆனால் அந்தத் தாளைக் காட்டியே வழக்கை இழுத்தடிப்பார்கள். சமரசம் வேண்டுமென்றால் கோர்ட்டில், நீதிபதி முன்னால் மட்டும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். பிள்ளைகள் வளர்ந்து ஸ்கூல் ஃபீஸ் ஏறியிருக்குமே, தொகையை உயர்த்திக் கேட்கும் மனுவையும் கூடவே போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மகனுக்கு மாதம் 5,000 தவறாமல் அனுப்புகிறேன். ஆனால் அவனைப் பார்க்க விட மாட்டேன் என்கிறார்கள். பணத்தை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?
(ஒரு அப்பா, திண்டுக்கல்)

பதில்: கூடாது சார். நிறுத்தினால் மேலே எழுதியதெல்லாம் உங்களுக்கும் நடக்கும். பணம் வேறு, பார்ப்பது வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றை நிறுத்த முடியாது. பார்ப்பதற்கு 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி குடும்ப நல நீதிமன்றத்தில் தனி மனுப் போடுங்கள். தவறாமல் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் அங்கே உங்களுக்குப் பெரிய பலம். மனுவில் "மகனைப் பார்க்க அனுமதி" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடம், யார் கூட்டிவந்து விடுவது, பள்ளி விடுமுறையில் எத்தனை நாள், நடுவில் போனில் பேசலாமா என்பதுவரை கேட்டு வாங்குங்கள்.