தொடைச் சதைக்கு டப்பாப் பொடி எதற்கு?

கேள்வி: பிரசவத்துக்குப் பொள்ளாச்சி தாய் வீட்டுக்குப் போய்விட்டுக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பியிருக்கிறேன். குழந்தைக்கு 3 மாதம், தாய்ப்பால்தான். 8 கிலோ கூடுதலாக நிற்கிறது. இடுப்பிலும் தொடையிலும்தான் அதிகம். தெரிந்த அக்கா ஒருவர் இளைக்க வைக்கும் பொடி தருகிறார். சாப்பிடலாமா?

பதில்: வேண்டாம்.

கர்ப்பத்தின் முதல் ஆறேழு மாதங்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், இன்சுலின் ஆகிய ஹார்மோன்கள் மூன்றுமாகச் சேர்ந்து 3, 4 கிலோ கொழுப்பைச் சேர்த்து வைக்கின்றன. பெரும்பகுதி இடுப்பிலும் தொடையிலும்தான். பால் கொடுக்கும் காலத்துக்கான சேமிப்பு அது. குழந்தை பிறந்ததும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் கை ஓங்கும். தொடை கொழுப்பை வெளியே விட, மார்பு வாங்கிக்கொள்ளும். நாளுக்கு 750 மில்லி பால் என்றால் 500 கலோரிக்கு மேல் செலவு. ஆனால் பசியும் ஏறுமே! ஒரு மேசைக்கரண்டி நெய் 120 கலோரி. லேகியத்தில் இரண்டு, சோற்றில் இரண்டு என்றால் கணக்கு சரியாகிவிட்டது.

உங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கான கவனிப்பைப் பிரசவ ரட்சை என்று சொல்லி, லேகியம், எண்ணெய், வேதுக்குளியல் (மூலிகை வெந்நீர்க் குளியல்) எல்லாவற்றையும் 'பேக்கேஜ்' ஆக்கி விற்கிறார்கள். குளியலில் குறையில்லை, சுகமாகத் தூங்கலாம். 40 நாள் உட்கார வைத்து நெய்யாக ஊட்டுபவரும், பிறகு இளைக்கப் பொடி விற்பவரும் சில வீடுகளில் ஒரே ஆள் என்பதுதான் எரிச்சல். பொடியில் என்ன இருக்கிறது என்று கேட்டால் 'எல்லாம் மூலிகை' என்பார்கள். பேதியாகி எடை இறங்கினால் இறங்கியது தண்ணீர். குழந்தை குடிப்பது உங்கள் பாலை என்பதை அந்த அக்காவிடம் சொல்லுங்கள்.

தினம் நடங்கள், நெய்யைப் பாதியாக்குங்கள், வேளைச் சோற்றைத் தவிர்க்காதீர்கள். வாரம் அரை கிலோ வரை குறைந்தால் பாலுக்குப் பாதகமில்லை.

ஒன்றே ஒன்றைச் சோதித்துவிடுங்கள்: தைராய்டு. பிரசவத்துக்குப் பின் சிலருக்குக் கழுத்திலுள்ள அந்தச் சுரப்பி அழற்சி கண்டு, சேமித்து வைத்த ஹார்மோனை முதல் சில மாதங்கள் ரத்தத்தில் அதிகமாகக் கசியவிடும். நெஞ்சு படபடக்கும், எடை தானாக இறங்கும். பொடி தின்றிருந்தால் பேர் பொடிக்குப் போகும். நாலாம் மாதத்துக்குப் பிறகு சுரப்பு குறைந்து, எடை ஏறும், மலச்சிக்கல், குளிர், சோர்வு வரும். கைக்குழந்தைக்காரி என்றால் சோர்வு இருக்கத்தான் செய்யும் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலும் சொல்வார்கள். டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை போதும். மாத்திரை தேவைப்பட்டாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

14ஆம் வாரத் தடுப்பூசி வருகிறது. பிரசவச் சீட்டு அந்த மாநிலம், ஊசி இந்த மாநிலம் என்று இரண்டு பக்கமும் கைகழுவுவார்கள். குழந்தையை எடை போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். நகராதீர்கள். உங்கள் எடையையும் பார்த்துச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள், தைராய்டு சோதனைக்கும் அங்கேயே எழுதி வாங்குங்கள்.